மகரந்த அலர்ஜி, ஹோமியோபதி, ஒரு மதிப்பெண் தாள்

மகரந்த அலர்ஜி இருப்பவரைப் பார்த்து "தும்மல் பரவாயில்லையா?" என்று கேட்பவர்கள் நிறைய. "ராத்திரி தூங்கினாயா?" என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இந்த நோய் கெடுத்ததில் முதல் இடம் தூக்கத்துக்குத்தான். மூக்கு அடைத்துக்கொண்டால் வாயால் மூச்சு விட வேண்டும், தொண்டை வறண்டு விழிப்பு வரும். திரும்பிப் படுத்தால் அடைப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும். காலையில் அடுத்தடுத்துத் தும்மல், கண் அரிப்பு. அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரு மந்தம். படித்த வரியையே திரும்பப் படிப்பேன். யாராவது சாதாரணமாக ஒன்று கேட்டால்கூட எரிச்சலாகப் பதில் சொல்வேன்.

"ஜலதோஷம்தானே, ஒரு வாரத்தில் போய்விடும்" என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, ஆனால் வருத்தம் உண்டு. ஜலதோஷம் கிருமியால் வருவது, வந்த வழியே போய்விடும். இதில் கிருமியே கிடையாது. புல், மரம், களைச்செடி இவற்றின் மகரந்தத்தில் உள்ள புரதத்தை உடல் எதிரி என்று எடுத்துக்கொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைக்கிறது. அடுத்த முறை அதே மகரந்தம் மூக்குக்குள் வந்ததும் அங்குள்ள மாஸ்ட் செல்கள் தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களைக் கொட்டுகின்றன. காற்றில் மகரந்தம் இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். சிலருக்குப் பல வாரம், சிலருக்குப் பல மாதம்.

இது படிப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று பிரிட்டனில் பள்ளி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2007-ல் வெளியானது. குளிர்காலத்தில் எழுதிய மாதிரித் தேர்வையும் மகரந்தப் பருவத்தில் எழுதிய இறுதித் தேர்வையும் ஒப்பிட்டார்கள். தேர்வு நேரத்தில் அலர்ஜித் தொல்லை இருந்த மாணவர்கள் ஒரு கிரேடு குறைவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு அது 70 சதவீதம். நோயைவிட அதற்கு எடுத்த மாத்திரை சில பிள்ளைகளை அதிகம் தள்ளாட வைத்திருக்கலாம் என்பதைப் படித்தபோது எனக்கு என் நிலைமைதான் நினைவுக்கு வந்தது. நானும் அந்தப் பழைய வகையைத்தான், குளோர்பெனிரமின், பல வருடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஹோமியோபதி பக்கம் நான் போனதற்கு அந்தத் தூக்கக் கலக்கம்தான் காரணம். என் அத்தை எல்லாவற்றுக்கும் ஹோமியோபதி பார்ப்பவர். "பக்கவிளைவே கிடையாதும்மா, ஒரு தடவை போய்த்தான் பாரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போனேன்.

அங்கே நடந்த முதல் உரையாடலை நான் இன்றும் மதிக்கிறேன். அந்த டாக்டர் என்னோடு வெகுநேரம் பேசினார். மூக்கிலிருந்து வடியும் நீர் மேலுதட்டை எரிக்கிறதா, அல்லது கண்ணீர்தான் கன்னத்தை எரிக்கிறதா என்று கேட்டார். மூக்கு நீர் எரிந்து கண்ணீர் எரியாவிட்டால் வெங்காயத்திலிருந்து எடுக்கும் அல்லியம் சீபா, அதற்கு நேர் எதிராக இருந்தால் யூஃப்ரேசியா என்பது அவர்கள் கணக்கு. அறைக்குள் இருந்தால் அதிகமா, வெளியே போனால் அதிகமா? காலையிலா, மாலையிலா? தூக்கத்தில் என்ன நடக்கிறது? மனநிலை எப்படி? இந்தக் கேள்விகளுக்குப் பதில் யோசிக்கும்போதுதான், காலையில் படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் எனக்குத் தொல்லை கூடுகிறது என்பதே எனக்குப் புலப்பட்டது. அதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் அவ்வளவு கேட்டதில்லை. கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை.

அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், "இப்போது சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்" என்று சொன்னது. எல்லா இடத்திலும் இப்படிச் சொல்வதில்லை. சொல்லாத இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள் என்பது என் கருத்து.

மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மனதுக்குத் தோன்றுவதை மட்டும் நம்ப எனக்கு விருப்பமில்லை. தேடிப் பார்த்ததில் ஒரு கேள்வித்தாள் பற்றிப் படித்தேன். எலிசபெத் ஜூனிப்பர், கார்டன் கயாட் இருவரும் 1991-ல் வெளியிட்டது. அலர்ஜி ஆய்வுகளில் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மொத்தம் 28 கேள்விகள். மூக்கு, கண் தொல்லை மட்டுமல்ல, தூக்கம், களைப்பு, தலைவலி, கவனச் சிதறல், கைக்குட்டையோடு அலைய வேண்டியிருப்பது, மூக்கைச் சிந்திக்கொண்டே இருப்பது, எரிச்சல், நாலு பேர் முன்னால் கூச்சம் என்று எல்லாவற்றையும் கேட்கிறது. கடந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண் போட வேண்டும். 0 என்றால் தொல்லையே இல்லை. சராசரி மதிப்பெண் 0.5 அளவுக்கு மாறினால்தான் நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நோயால் தடைபடும் மூன்று செயல்களை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்பது. மாலை நடை, அலுவலகக் கூட்டத்தில் தொடர்ந்து பேசுவது, மகளுக்குப் படுக்கும் நேரத்தில் கதை வாசித்துக் காட்டுவது என்று மூன்றை எழுதினேன். உங்களுடைய மூன்று வேறாக இருக்கும். டாக்டரிடம் போகுமுன் அந்த மூன்றை எழுதிப் பாருங்கள். "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்பதைவிட ஆயிரம் மடங்கு உபயோகமான பதில் அதில் இருக்கும்.

முழுக் கேள்வித்தாளுக்கு உரிமம் உண்டு, அதை அப்படியே எடுக்கவில்லை. அதே போக்கில் எனக்கென்று ஒரு தாள் தயாரித்து வாரம் ஒரு நாள் நிரப்பினேன். பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள்: அந்த வாரம் மகரந்த அளவு எப்படி இருந்தது, மழை பெய்ததா, வேறு என்ன மருந்து எடுத்தேன். இந்த மூன்று கட்டங்கள் இல்லாமல் மதிப்பெண் மட்டும் எழுதினால் அந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லை. ஏன் என்பதற்கு வருகிறேன்.

அந்த ஹோமியோபதி டாக்டர் கொடுத்த உருண்டைகளைச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் மதிப்பெண் நன்றாகவே குறைந்தது. தூக்கம் தேறியது. கதை வாசிப்பு நடந்தது. அத்தைக்கு ஏக சந்தோஷம், எனக்கும்தான்.

ஆனால் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்தால் வேறு கதையும் தெரிந்தது. அதே வாரங்களில் மழை பெய்து மகரந்தம் இறங்கியிருந்தது. ஜன்னலை மூடி வைக்கத் தொடங்கியிருந்தேன். தூக்கம் வரவைக்கும் மாத்திரையை விட்டு, வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவர் எழுதிக்கொடுத்த லோரட்டடின் என்ற வேறு அலர்ஜி மாத்திரைக்கு மாறியிருந்தேன். இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரி ஏறி இறங்கும் நோயில், தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது வைத்தியம் தேடிப் போகிறோம். உச்சத்துக்கு அப்புறம் எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் புகழ் கடைசியாகச் சாப்பிட்ட மருந்துக்குப் போய்விடும். அது உருண்டையாக இருந்தாலும் சரி, கஷாயமாக இருந்தாலும் சரி, அலோபதி மாத்திரையாக இருந்தாலும் சரி.

ஒரே ஆள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய தாள் இந்த முடிச்சை அவிழ்க்காது. அதற்கு அந்த மருந்தை எடுக்காத ஓர் ஒப்பீட்டுக் குழு வேண்டும். அப்படி நடந்த சோதனைகளைத் தேடிப் படித்தேன்.

ஹோமியோபதி ஆதரவாளர்கள் முதலில் காட்டுவது 1986-ல் லான்செட் இதழில் டேவிட் ரெய்லி குழு வெளியிட்ட சோதனை. மகரந்த அலர்ஜி உள்ள 144 பேர். ஒரு பகுதியினருக்குப் புல் மகரந்தக் கலவையின் 30சி வீரியம் (பல முறை கரைத்தது, பின்னால் விளக்குகிறேன்), மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மருந்துக் குழுவில் தொல்லை அதிகம் குறைந்தது, ஆன்டிஹிஸ்டமின் எனப்படும் அலர்ஜி மாத்திரையின் தேவையும் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அதே குழு 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வருடம் முழுக்க இருக்கும் அலர்ஜி பற்றி இன்னொரு சோதனையை வெளியிட்டது. மூக்கு வழியே இழுக்கும் காற்றின் அளவு மருந்துக் குழுவில் கூடியிருந்தது. ஆனால் நோயாளிகள் தாங்களே போட்ட தொல்லை மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் நிரூபிக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. வாழ்க்கைத் தரத்தைப் பற்றி யோசிக்கும் எனக்கு அந்த இரண்டாவது வரிதான் முக்கியம்.

அப்புறம் வந்தவை சாதகமாக இல்லை. 2002-ல் அதே பிரிட்டிஷ் இதழில் தூசிப் பூச்சி அலர்ஜியோடு ஆஸ்துமா உள்ள 242 பேரிடம் நடந்த சோதனை வெளியானது. வெற்று மாத்திரையைவிட ஹோமியோபதி மேல் என்று அது காட்டவில்லை. நார்வேயில் பிர்ச் மர மகரந்தத்தின் 30சி வீரியத்தை வைத்து நடந்த சோதனைகளும் கைகொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னது.

வாழ்க்கைத் தரத்தை நேரடியாக அளந்த ஆய்வும் உண்டு. பெல்ஜியத்தில் ஹோமியோபதி சிகிச்சை எடுத்தவர்களுக்கு நான் மேலே சொன்ன கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழு கிடையாது. என் தாளில் இருந்த அதே ஓட்டைதான் அங்கேயும். அந்த நோயாளிகளுக்கு நன்றாக இருந்தது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. எதனால் என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

30சி என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை முப்பது முறை செய்வது. அதாவது 1-க்குப் பின்னால் 60 சுழியம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. ஏறக்குறைய 12சி தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. ஆகவே உருண்டையில் இருப்பது சர்க்கரை. பக்கவிளைவு இல்லை என்று அத்தை சொன்னது இந்த உயர்ந்த வீரியங்களுக்குச் சரி. ஆனால் லேபிளில் ஹோமியோபதி என்று போட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. குறைவாகக் கரைத்தவற்றில் மருந்துப் பொருள் நிஜமாகவே இருக்கும். மூக்குக்குள் போடும் துத்தநாகத் தயாரிப்புகள் சிலவற்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-ல் எச்சரித்து நிறுத்தச் சொன்னது. பயன்படுத்தியவர்களில் பலர் வாசனை உணர்வை இழந்ததாகப் புகார் வந்திருந்தது. ஹோமியோபதி என்ற பெயரில்தான் அவை விற்பனையாகின.

அப்படியானால் எனக்குக் கிடைத்த ஆறுதல் பொய்யா? இல்லை. ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதும், கவனிக்கப்படுகிறோம் என்ற எண்ணமும், நோயாளியின் உணர்வை மாற்றக்கூடியவை. இந்த நோயில் வெற்று மாத்திரைக் குழுவினரும் கணிசமாகத் தேறுவது பல சோதனைகளில் பார்த்ததுதான். ஜெர்மனியில் 2016-ல் வெளியான ஒரு சிறிய சோதனையில், "இதில் மருந்தே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்த மாத்திரைக்கே தொல்லை குறைந்தது. அந்த ஆறுதலை யாரும் கேவலமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய நிவாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இதோடு நின்றுவிடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

இந்த நோயின் வரலாற்றில் ஒரு ஹோமியோபதி மருத்துவருக்குப் பெரிய இடம் இருக்கிறது. மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்த சார்லஸ் பிளாக்லி. அவருக்கே இந்த அலர்ஜி இருந்தது. மகரந்தத்தைத் தன் மூக்கிலும் தோலிலும் வைத்துச் சோதித்தார். பசையுள்ள கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்தில்கூட மகரந்தம் மிதக்கிறது என்று காட்டினார். 1873-ல் தன் முடிவுகளை நூலாக்கினார். நோய்க்குக் காரணம் வெயிலா, வாசனையா, தூசியா என்று மற்றவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில் மகரந்தம்தான் என்று நிறுவியவர் அவர். தான் சார்ந்த வைத்திய முறை எதுவாக இருந்தாலும் அளந்து பார்த்தார் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

அடுத்த பருவத்தில் உருண்டைகள் இல்லாமல், ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயோடு போனேன். மகரந்தம் அதிகமிருந்த வாரங்களிலும் தூக்கம், வாசிப்பு, நடை மூன்றின் மதிப்பெண்ணும் தாழ்வாகவே நின்றன. என் தாளை வைத்து இதையும் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். நிரூபணம் ஒப்பீட்டுச் சோதனைகளில் இருக்கிறது, அங்கே இந்த ஸ்பிரேக்கள் வெற்று ஸ்பிரேயைத் திரும்பத் திரும்ப வென்றிருக்கின்றன. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்கள் உண்டு. புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவற்றில் ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு. மூக்கு வறட்சி, சிலருக்கு லேசான ரத்தக் கசிவு வரலாம்.

ஸ்பிரே பலிக்கவில்லை என்பவர்களில் பலருக்கு அதை அடிக்கும் விதம்தான் சிக்கல். தலையை அண்ணாந்து பார்க்காமல் லேசாகக் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. ஸ்பிரேயின் முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தை நோக்கி இருக்கட்டும். அடித்ததும் உறிஞ்சி இழுக்கக் கூடாது, மெதுவாக மூச்சு எடுத்தால் போதும். தொண்டையில் கசப்பாகவோ நெடியாகவோ தெரிந்தால் மருந்து மூக்கில் நிற்காமல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தவிர, இது அடித்த உடனே திறக்கும் மருந்து அல்ல. முழுப் பலனுக்குப் பல நாள் ஆகும், ஆகவே பருவம் தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு "இதுவும் சரியில்லை" என்று தூக்கிப்போடுவது பெரிய நஷ்டம்.

அடித்த உடனே மூக்கைத் திறக்கும் ஸ்பிரே வேறு வகை. ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று பெயர் இருக்கும். அதைத் தொடர்ந்து ஒரு வாரத்துக்குமேல் போட்டால் விட்டவுடன் முன்னைவிட மோசமாக அடைக்கும், அப்புறம் அதிலிருந்து மீள்வது பெரும் பாடு.

உப்புநீரில் மூக்கைக் கழுவுவது எனக்குப் பெரிய உதவி. கொதிக்க வைத்து ஆறிய நீரோ காய்ச்சி வடித்த நீரோதான் எடுக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. வெளியே போய் வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுவது, படுக்குமுன் தலைமுடியை அலசுவது, பருவத்தில் துணியை வீட்டுக்குள் உலர்த்துவது, வெளியில் கண்ணாடி போடுவது இவையெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். தலையணையில் மகரந்தத்தோடு படுத்தால் எந்த மருந்தும் பாதிதான் வேலை செய்யும்.

ஹோமியோபதியைத் தொடரவே விரும்புகிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நெஞ்சில் விசில் சத்தம், இளைப்பு, ராத்திரி இருமல் வந்தால் அது மூக்கோடு நிற்கும் விவகாரம் இல்லை, ஆஸ்துமாவுக்குப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மெல்போர்னில் 2016 நவம்பர் 21-ம் தேதி இடியோடு வீசிய புயலில் புல் மகரந்தம் நுண்துகள்களாக உடைந்து நுரையீரலுக்குள் போனது. ஆயிரக்கணக்கானோர் அவசர சிகிச்சைக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். அன்று பாதிக்கப்பட்டவர்களில் பலர் தங்களுக்கு மகரந்த அலர்ஜி மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள். இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருந்தால் அதை உருண்டைக்காக விட்டுவிடாதீர்கள். என் அத்தையிடமும் இதைத்தான் சொன்னேன். "சரிம்மா, அது வேற, இது வேற" என்று ஒப்புக்கொண்டார்.

அலர்ஜியின் போக்கையே மாற்றும் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது. அலர்ஜி தரும் அதே மகரந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடலைப் பழக்குவது. லண்டனில் லெனார்ட் நூன் 1911-ல் இதை முதலில் வெளியிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் ஹோமியோபதியின் 'ஒத்ததை ஒத்ததே குணமாக்கும்' என்ற கொள்கை போலத் தோன்றும். ஆனால் இதில் கொடுப்பது அளந்தறியக்கூடிய மகரந்தப் புரதம். அதனால்தான் ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வைத்துக் கண்காணிக்கிறார்கள். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையாகவும் வந்திருக்கிறது. வழக்கமாக மூன்று வருடம் தொடர வேண்டும், நிறுத்திய பிறகும் பலன் சில வருடம் நீடிக்கும். ஸ்பிரேயும் மாத்திரையும் போதாதவர்கள் அலர்ஜி நிபுணரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன், என் மதிப்பெண் தாளை அவர் கவனமாகப் படித்தார்.

முதல் படி எந்த மகரந்தம் என்று கண்டுபிடிப்பது. அதற்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்வார்கள். ஆன்டிஹிஸ்டமின் சாப்பிட்டுவிட்டுப் போனால் தோல் வீங்காது, பரிசோதனை வீணாகிவிடும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதைத் தேதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை.